வெங்காயக் கணக்கு

எட்டு வயதுக்குள் ஒரு பிள்ளை பிழையில்லாமல் படிக்கவும் அடிப்படைக் கணக்குப் போடவும் வேண்டும் என்பதுதான், தமிழ்நாடு அரசு 2022 ஜூனில் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தின் இலக்கு. ஆட்டம், பாட்டு, கதை என்று நிதானமாகச் சொல்லித்தர ஏற்பாடு.

எட்டு வரைக்குமா? ஊரப்பாக்கம் அடுக்குமாடிகளில் கேட்டால் சிரிப்பார்கள். இங்கே நாலு வயதுக்குள் ஃபோனிக்ஸ், அபாகஸ், கையெழுத்து மூன்றும் முடிந்தாக வேண்டும். அதன்பின் யுகேஜி என்பது ஓய்வுக்காலம். 2021இல் வந்த ‘இல்லம் தேடிக் கல்வி’ என்ற அரசுத் திட்டம், தன்னார்வலர்களைக் குடியிருப்புகளுக்கே அனுப்பியது. இந்த அடுக்குமாடிக்காரர்களின் இல்லத்தைத் தேடி வருவதோ, டெமோ கிளாஸ் விற்பவரின் போன்.

ஜிஎஸ்டி சாலை நெரிசலில் நசுங்கி வீடு சேரும் அப்பா, “கிளாஸ்ல என்ன சொல்லிக் குடுத்தாங்க?” என்பார். அத்தோடு அவர் பங்கு தீர்ந்தது. ரயில் நிலையத்தில் பிள்ளை மஞ்சள் பலகையைக் காட்டி, “அது என்ன எழுத்துப்பா?” என்றால், “தொணதொணக்காம இதுல படி” என்று போன் கைமாறும். அடுப்படியில் “வெங்காயம் எண்ணித் தரட்டுமாம்மா?” என்று வந்து நின்றால், “போய் மேத்ஸ் ஒர்க்‌ஷீட்டை முடி!”

பலகைக்கும் வெங்காயத்துக்கும் உள்ள ஒரே குறை, ஃபீஸ் கிடையாது. ரசீது தராத பாடத்தை யார் நம்புவார்கள்?

யாராவது ‘ஆனியன் மேத்ஸ், லெவல் ஒன்று’ என்று பலகை மாட்டி, மாதம் இரண்டாயிரம் என்று அறிவிக்கட்டும். அட்மிஷன் வரிசை கிளாம்பாக்கம் பேருந்து முனையம் வரை நிற்கும். வெங்காயத்தை மட்டும் பெற்றோரே கொண்டுவர வேண்டும்.