தார்சாவுக்கு ஒன்று, அடுக்களைக்கு ஒன்று

யாருக்கு ஓட்டுப் போட்டோம் என்பதை எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் சொல்வதில்லை. எந்த சிம் வைத்திருக்கிறோம் என்பதை மட்டும் ஊரைக் கூட்டிச் சொல்வோம். அதோடு விடாமல், அடுத்தவர் வைத்திருக்கும் சிம்முக்காக அவர் கேட்காமலே துக்கமும் விசாரிப்போம்.

எங்கள் ஊர் செங்கோட்டைக்குப் பக்கத்தில், மலையடிவாரத்தில். ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்றும் சாரலும் தாராளமாக வரும். சிக்னலுக்கு மட்டும் இன்னும் வழி பிடிபடவில்லை.

முன்பெல்லாம் எண்ணைப் பார்த்தே குலம் கோத்திரம் சொல்லிவிடலாம். 94430 என்று தொடங்கினால் பி.எஸ்.என்.எல்.; 98420 என்றால் ஏர்செல். 2011 ஜனவரி 20 அன்று, எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றிக்கொள்ளும் வசதி நாடெங்கும் வந்தது. 1900க்கு 'போர்ட்' என்று எண்ணோடு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் எட்டு எழுத்தில் ஒரு குறியீடு வரும். அதற்கு ஆயுசு நாலு நாள். அதற்குள் புதிய நிறுவனத்தில் கொடுத்துவிட வேண்டும். அதுவரை 'ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்' என்று நம்மை அலையவிட்ட பழைய நிறுவனம், அந்த நாலு நாளில்தான் மனிதக் குரலில் பேசும். என்ன குறை வைத்தோம் என்று தழுதழுக்கும்.

சித்தப்பா ஏர்செல்காரர். அந்த நிறுவனம் போய்ச் சேர்ந்த பிறகும் அவர் ஏர்செல்காரர்தான். 1999இல் தமிழ்நாட்டில் தொடங்கி, சென்னை சூப்பர் கிங்ஸின் மஞ்சள் சட்டையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்ற பெயர் அது. 2018 பிப்ரவரியில் திவால் மனுப் போட்டபோது, எண்ணை மாற்றத் தமிழ்நாடு முழுக்கக் கடை வாசல்களில் கூட்டம் முண்டியது. இன்றைக்கும் எந்த நிறுவனத்தைச் சொன்னாலும் சித்தப்பா கேட்பது ஒன்றைத்தான்: "அவன் எந்த டீமுக்குடே சட்டை எடுத்துக் குடுத்தான்?"

சென்னையில் இருக்கும் அத்தானுக்கு வேகம்தான் கணக்கு. லீவுக்கு வந்து இறங்கியதும் பட்டாசலில் நின்று ஸ்பீடு டெஸ்ட் போடுவார். வட்டம் சுற்றும், முள் அசையாது. அவர் புகழும் நிறுவனம் 2300 மெகாஹெர்ட்ஸில் பறக்கிறது என்பது உண்மைதான். அந்த அலை நிறையச் சுமக்கும், ஆனால் நெடுந்தூரம் நடக்காது. எங்கள் வீட்டுச் சுவரின் பருமனைப் பார்த்ததும் வாசலிலேயே செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நின்றுகொள்ளும். 900 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் மட்டுதான். இருந்தாலும் வயல் வரப்பெல்லாம் தாண்டி வந்து வீட்டுக்குள்ளும் நுழைந்துவிடும். மலையடிவாரத்துக்கு அதுதான் தோது. இதை எடுத்துச் சொன்னால், "நீங்கள்லாம் இன்னும் டூஜி காலத்துலயே இருக்கீங்க" என்று அத்தான் பேச்சை முடித்துவிடுவார்.

திரையில் தெரியும் கோடுகளையும் நம்பிவிட முடியாது. எவ்வளவு சிக்னலுக்கு எத்தனை கோடு காட்டுவது என்பது அந்தந்த போன் தயாரிப்பாளரின் தாராள மனசைப் பொறுத்தது. அதோடு, கோடு சிக்னலின் பலத்தைச் சொல்லுமே தவிர, டவரில் எத்தனை பேர் தொங்குகிறார்கள் என்பதைச் சொல்லாது. குற்றாலத்தில் சீசன் தொடங்கட்டும், பார்க்கலாம். அருவியில் தலையைக் கொடுத்தவர்கள் எல்லாரும் ஈரம் காய்வதற்குள் வீடியோ அனுப்புவார்கள். எங்கள் போன்களில் கோடெல்லாம் நிறைந்திருக்கும். மின்கட்டணம் கட்டப்போனால் மட்டும் மணிக்கணக்காகச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

மேற்கே புளியரைப் பக்கம் போனால் அது வேறு கூத்து. மனிதர் தமிழ்நாட்டில் நிற்பார்; போன் கேரளத்து டவரைப் போய்ப் பிடித்துக்கொள்ளும். சித்தப்பா தோப்பைப் பார்க்கப் போன அன்று சித்தி கூப்பிட்டாள். எடுத்தது ஒரு மலையாளப் பெண் குரல். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்றுதான் அது சொல்லியிருக்கும். சித்திக்கு மலையாளம் தெரியாது. சித்தப்பாவுக்கு அன்று ராத்திரிச் சாப்பாடும் கிடையாது.

நிறுவனங்கள் தங்கள் இணையதளத்தில் வரைபடம் போட்டிருக்கின்றன. அதில் எங்கள் ஊர் முழுக்க வண்ணம் பூசியிருக்கிறது. மலைமேலும் தாராளமாகப் பூசியிருக்கிறார்கள். அந்த வண்ணம் வெட்டவெளிக்குப் போட்ட கணக்கு. எங்கள் வீட்டில் வெட்டவெளியில் நின்று பேசுவது ஆடு மட்டும்தான்.

வீட்டுக்குள் நிலவரமே வேறு. அப்பாவின் நிறுவனம் தார்சாவில் அருமையாக எடுக்கும், அடுக்களைப் பக்கம் எட்டியும் பார்க்காது. "வச்சிருக்கவுகள மாதிரிதான இருக்கும்" என்பாள் அம்மா. அம்மாவின் நிறுவனம் அடுக்களை ஜன்னலோரம் மட்டும் பேசும். ஆச்சியின் போன் புறவாசலில், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில்தான் உயிர்பிடிக்கும். அவரவர் உட்காரும் இடத்தில் அவரவர் நிறுவனம் எடுப்பதால், தன்னுடையதே இந்தியாவில் சிறந்தது என்று மூவரும் நம்புகிறார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. அதனால்தான் சண்டை ஓயவில்லை.

இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்லத் தகுதியுள்ள ஒரே ஆள் ஊரில் இருக்கிறார்: சிலிண்டர் போட வருபவர். பதிவு செய்த போனுக்கு வரும் ஓடிபியைச் சொன்னால்தான் அவர் சிலிண்டரைக் கொடுத்துவிட்டு நகர முடியும். அது வரும்வரை ஒவ்வொரு வாசலிலும் கால்கடுக்க நிற்கிறார். எந்த வீட்டில் எந்த நிறுவனத்துக்கு உடனே வந்தது, எந்த வீட்டில் அம்மாமார் மச்சேறிப் போனைத் தூக்கிப் பிடித்தார்கள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். எது நல்ல கம்பெனி என்று அவரிடம் கேட்டேன்.

"ஒக்காந்து பேசப் போறது எங்ஙன, அண்ணாச்சி?" என்று திருப்பிக் கேட்டார்.

சித்தப்பாவும் அத்தானும் கேட்காத கேள்வி. பிறகு தெருவாரியாகச் சொன்னார். பிள்ளையார் கோயில் தெருவில் வடக்குப் பார்த்த வீட்டுக்கு ஒன்று, எதிர்சாரிக்கு வேறொன்று. தகரக் கூரை போட்ட வீடு என்றால் எதுவானாலும் திண்ணைக்கு வந்துவிட வேண்டியதுதான். போர்ட் பண்ணுவதற்கு முன் ஒரு யோசனையும் சொன்னார். அந்த நிறுவனத்தின் சிம் ஒன்றை வாங்கி போனின் இரண்டாவது ஓட்டையில் போட்டு, சாயங்கால நேரத்தில் வீடு முழுக்க நடந்து பார்க்க வேண்டும். முடிந்தால் சீசன் கூட்டத்திலும் பார்க்க வேண்டும். ஒருமுறை மாறிவிட்டால் 90 நாளைக்கு வேறு எங்கும் போக முடியாது.

இவ்வளவு விவரமான மனிதரை விடலாமா? அவசரத்துக்குக் கூப்பிட அவருடைய எண்ணைக் கேட்டேன். தயங்காமல் கொடுத்தார்.

"மத்தியானம் மட்டும் கூப்பிடாதீய. டவரே எடுக்காத எடம் ஒண்ணு ஊருக்குள்ள இருக்கு. சோறு திங்க அங்ஙனதான் போவேன்."