ஒற்றைக்குழலும் கேழ்வரகுப் பானையும்

சேந்தமங்கலத்தைச் சுற்றி, கொல்லிமலை அடிவாரத்துத் தோட்டத்து வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு ஆசாரத்துச் சுவர் நினைவிருக்கும். முருகன் படம் போட்ட காலண்டர், ஆணியில் தொங்கும் கவண், கொஞ்சம் வசதியான வீடாயிருந்தால் இரண்டு மரமுளைகளின் மேல் படுத்திருக்கும் துப்பாக்கி. மலைமேல் இருந்தவர்களிடம் இருந்தது குழல்வாயில் கரிமருந்தைக் கொட்டி, தேங்காய் நாரைத் திணித்துக் கம்பியால் இடித்து, ஈயக்குண்டு போட்டு நிரப்பும் நாட்டுத் துப்பாக்கி. எங்கள் ஐயன், அதாவது அப்பா, வைத்திருந்தது தோட்டா போடும் ஒற்றைக்குழல். கடலைக்காட்டையும் குச்சிக்கிழங்குக் காட்டையும் உழுதுபோடும் பன்றிகளை விரட்டவென்று உரிமம் வாங்கியிருந்தார். நாமக்கல் தனி மாவட்டமானது 1997-இல்தான் என்பதால் அதைப் புதுப்பிக்க அந்தக் காலத்தில் சேலம் கலெக்டர் ஆபீசுக்குத்தான் போக வேண்டும். வெள்ளைச் சட்டை போட்டு, சாக்குத்துணியில் துப்பாக்கியைச் சுற்றிக்கொண்டு அவர் பஸ் ஏறும் நாளில் ஊரே எழுந்து வழிவிடுவதுபோல எனக்குத் தோன்றும்.

சோளம் பால்பிடிக்கும் நாட்களில் கிளிக்கூட்டம் இறங்கினால் வானத்தைப் பார்த்து ஒரு வெடி வைப்பார். ஓசை மலையில் முட்டித் திரும்பி வருவதற்குள் நாங்கள் காலித் தோட்டாவுக்கு ஓடியிருப்போம். அதன் வாயில் உதட்டை வைத்து ஊதினால் சீட்டி வரும். கையில் ஒட்டும் அந்த மருந்து வாசம் அன்று இரவு சோறு உண்ணும்போதும் போகாது. இன்று எந்தப் பேரனுக்கும் அந்தச் சீட்டியைக் காட்ட முடியாது. அதில் எனக்கு ஏக்கம் உண்டு.

அம்மாவுக்கு அந்தத் துப்பாக்கி ஆகவே ஆகாது. ஆனால் ஐயனிடம் வாதாடி அதை வீட்டைவிட்டு அனுப்ப அவரால் முடியவில்லை. அதனால் தோட்டாக்களைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். அடுக்குப்பானைகளில் ஏதோ ஒன்றில், கேழ்வரகுக்குள் துணிமுடிப்பாகக் கிடக்கும். எந்தப் பானை என்பது அவருக்கு மட்டுமே தெரியும். துப்பாக்கி ஐயனுடையது, வெடி அம்மாவுடையது. ஒருமுறை கிணற்று முறைத்தண்ணீர் விஷயமாகப் பங்காளிகளோடு வாய்த்தகராறு முற்றி, ஐயன் வேகமாக உள்ளே வந்து துப்பாக்கியை இறக்கிக்கொண்டு அடுப்படி வாசலில் நின்றார். அம்மா அவர் முகத்தைப் பார்த்தார். "சோறு ஆறுதுங்க. சாப்புட்டுப் போட்டுப் போங்க" என்று வட்டிலை வைத்தார். ஐயன் நின்றார், பிறகு உட்கார்ந்தார். கம்மஞ்சோற்றைப் பிசைந்து உண்டு, கைகழுவி, வேப்பமரத்தடிக் கட்டிலில் படுத்துவிட்டார். மறுவாரம் அதே பங்காளி வீட்டுச் சீருக்கு இருவரும் சேர்ந்தே போனார்கள். எந்தப் பானை என்று மட்டும் ஐயனுக்குத் தெரிந்திருந்தால் எங்கள் தோட்டத்தின் கதை வேறாகியிருக்கும் என்று இப்போதும் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். ஓட்டு எண்ணி முடியும்வரை சுவரில் முளைகள் மட்டும் இருக்கும். அம்மா நிம்மதியாகத் தூங்கிய காலம் அது.

ஐயன் காலமான பிறகு அந்தத் தகராறு எனக்கும் என் மனைவிக்கும் சொத்தாக வந்தது. உரிமம் வைத்திருந்தவர் இறந்தால் வாரிசு தன் பெயருக்கு விண்ணப்பிக்கச் சட்டத்தில் வழியுண்டு. அப்பாவின் கை பட்டுப்பட்டு வழவழத்த அந்த மரக்கட்டையை விட எனக்கு மனமில்லை. அவளோ, "ஏனுங்க, மாமன் நெனப்புக்கு அவரு போட்டோ இருக்குது. மம்முட்டி இருக்குது, கட்டிலு இருக்குது. இது எதுக்குங்க?" என்றாள். மாதக்கணக்கில் பேசினோம், பேசாமலும் இருந்தோம். கடைசியில் துப்பாக்கி போயிற்று. முளைகள் இருந்த இடத்தில் பேத்தியின் பள்ளிக்கூடப் படம் மாட்டியிருக்கிறது.

ஓய்ந்ததென்று நினைத்த பேச்சைச் செய்தித்தாள் மறுபடி கிளப்பியது. 2024 நவம்பரில் பல்லடம் அருகே சேமலைக்கவுண்டன்பாளையத்தில் ஒரே குடும்பத்தில் மூன்று பேர். 2025-இல் சிவகிரி அருகே வயதான தம்பதி. இரண்டுமே தோட்டத்து வீடுகள், இரண்டும் கொடூரமான கொலைகள். எங்களைப்போலத் தனித்துக் கிடக்கும் கிழவன் கிழவிகளுக்கு அதன்பின் தூக்கம் போயிற்று. தோட்டத்து வீடுகளுக்குத் துப்பாக்கி உரிமம் கொடுங்கள் என்ற குரல் கொங்குப் பக்கமெங்கும் எழுந்தது. அந்தப் பயம் பொய்யல்ல. அதைக் கேலி செய்கிறவர்கள் ஒரே ஒரு அமாவாசை இரவு எங்கள் களத்துமேட்டில் படுத்துப் பார்க்கட்டும். எனக்கும் பழைய ஆசை எழுந்தது. விசாரித்தேன். 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி பயிற்சிச் சான்றிதழ் வேண்டும், பத்திரமாகப் பூட்டி வைப்பேன் என்ற உறுதிமொழி வேண்டும். 2019 சட்டத் திருத்தத்துக்குப் பின் உரிமம் ஐந்தாண்டு செல்லும்.

என் மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "திருடன் வாரது ஆயுசுல ஒரு நாளுங்க. வந்தாலும் வருவான், வராமயும் போவான். கோவமும் வெசனமும் நம்மூட்டுலயே குடியிருக்குதுங்களே" என்றாள். பூட்டிய பீரோவுக்குள் இருக்கும் துப்பாக்கி, தூக்கத்தில் தாக்கப்படும் கிழவனுக்கு எப்படி உதவும் என்றும் கேட்டாள். என்னிடம் பதிலில்லை. அவள் சொன்னதை அமெரிக்காவில் கணக்கெடுத்தே பார்த்திருக்கிறார்கள் என்று மகள் பிறகு படித்துச் சொன்னாள்: கலிபோர்னியாவில் கைத்துப்பாக்கி வைத்திருப்பவரோடு ஒரே வீட்டில் வாழ்ந்தவர்கள், தம் வீட்டிலேயே துணையின் கையால் சுடப்பட்டு இறந்த விகிதம், துப்பாக்கியில்லாத வீட்டாரைவிட ஏழு மடங்கு. அப்படி இறந்தவர்களில் 84 சதவீதம் பெண்கள். ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2022-இல் வெளியிட்டது இது. எங்கள் அம்மா அதைக் கேழ்வரகுப் பானையருகே நின்றே அறிந்திருந்தார்.

அந்தக் காலத்தில் எங்கள் தோட்டத்தைக் காத்தது துப்பாக்கி என்று நம்பி வளர்ந்தேன். யோசித்தால் அப்படியில்லை. ராத்திரி கரண்ட் விட்டால் பக்கத்துத் தோட்டங்களில் நாலைந்து பேர் மடை திருப்பிக்கொண்டு, பாத்திக்குப் பாத்தி குரல் கொடுத்தபடி இருப்பார்கள். கட்டுத்தரையில் ஆள் படுத்திருக்கும். அவர்களுக்குப் போக வேறு இடம் இல்லாததால்தான் படுத்திருந்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். அவர்கள் பிள்ளைகள் திருப்பூருக்கும் லாரிக்கும் போய் நன்றாக இருக்கிறார்கள், இருக்கவும் வேண்டும். என் மகன் பெங்களூரிலிருந்து கேமராவில் எங்கள் வாசலைப் பார்க்கிறான். விளக்கு அணையாமல் கிடந்தால் போனில் கூப்பிட்டுச் சொல்கிறான். அன்பான பிள்ளைதான். ஆனால் ஓடிவரும் தூரத்தில் இல்லை. காட்டுப்பன்றிக்கென்று சொல்லித் துப்பாக்கி கேட்கவும் இப்போது காரணமில்லை: 2025-இல் வந்த அரசாணைப்படி, காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியைச் சுடுவது வனத்துறையின் வேலை.

எனவே தோட்டத்து வீட்டுக்காரர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். ராத்திரி ரோந்து கேளுங்கள், தோட்டத்துப் பாதைக்குத் தெருவிளக்கு கேளுங்கள், பக்கத்துத் தோட்டத்தாரோடு வரப்புச் சண்டை இருந்தால் முதலில் அதை முடியுங்கள். அதற்குப் பிறகும் துப்பாக்கிதான் வேண்டுமென்று தோன்றினால், விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுமுன் வீட்டுக்காரம்மாவிடம் கேளுங்கள். அவர் வேண்டாமென்றால் அதோடு விட்டுவிடுங்கள். அப்பா விட்டுப்போன துப்பாக்கி உரிமமில்லாமல் பரணில் கிடந்தால் பயப்பட வேண்டாம், தள்ளிப்போடவும் வேண்டாம். போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து, மறக்காமல் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.