தலையில் கொள்ளி வைக்கும் அடுப்பு: செண்பகத்தோப்பை முன்வைத்து ஓர் ஆய்வு

பழைய பெல்லட் அடுப்பு பழுதானால் சரிபார்ப்பதா, தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குவதா என்பதைத் தமிழ் ஆய்வுலகம் இன்னும் கையிலெடுக்கவில்லை. தொல்காப்பிய உரையாசிரியர்களும் இதைத் தொடாமல் போய்விட்டார்கள். அவர்கள் காலத்தில் பெல்லட் கிடையாது என்று சமாதானம் சொல்லலாம். பழுது இருந்திருக்கும் அல்லவா? அந்தப் பெருங்குறையை நீக்கவே இக்கட்டுரை. ஆய்வுக்களம், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே செண்பகத்தோப்பு போகும் வழியில் இருக்கும் எங்கள் மாந்தோப்பு வீட்டின் பின்கட்டு. மாதிரிகளின் எண்ணிக்கை ஒன்று. ஆய்வுக்காலம் பங்குனி முதல் ஆடிப்பூரம் வரை. நிதியுதவி, பெரியம்மாவின் சுருக்குப்பை.

முதலில் சொல்லாராய்ச்சி, அது இல்லாமல் தமிழில் ஆய்வு ஏது? 'அடு' என்ற வேருக்குச் சமைத்தல் என்றும் பொருள், கொல்லுதல் என்றும் பொருள். அந்த வேரில் வந்தது அடுப்பு. சோறும் சாவும் எப்படி ஒரே வேரில் முளைத்தன என்று புலவர்கள் நாள்கணக்கில் வாதிடலாம். ஈர விறகை வைத்துக்கொண்டு ஊதாங்குழலோடு அரைமணி நேரம் மல்லுக்கட்டியவருக்கு விளக்கம் தேவைப்படாது. பெல்லட் என்பது கடலைத்தொலி, கரும்புச்சக்கை, மரத்தூள் போன்றவற்றைப் பொடித்து, இயந்திரத்தில் அழுத்தி, சுண்டுவிரல் பருமனில் துண்டு துண்டாக எடுப்பது. பெரியம்மா இதற்கு 'மாத்திரை' என்று பெயர் வைத்தார். அவர் காலையில் விழுங்கும் சர்க்கரை மாத்திரையோடு குழம்பிவிடக் கூடாதே என்று 'அடுப்பு மாத்திரை' எனத் திருத்தம் கொடுத்தேன். தள்ளுபடி செய்யப்பட்டது.

அமெரிக்காவில் இந்த அடுப்புக்கு வேலையே வேறு. போயிங் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த ஜெரி விட்ஃபீல்ட் என்பவர் 1980-களில் வாஷிங்டன் மாநிலத்தில் இதை உருவாக்கியது வீட்டைச் சூடாக்குவதற்கு. வீட்டைச் சூடாக்க! சித்திரை மாதத்தில் ராஜபாளையத்துத் தெருவில் இதைச் சொல்லி ஒருவர் விற்க வந்திருந்தால் நாயை அவிழ்த்து விட்டிருப்பார்கள். எந்த ஊர் நாய் என்று சொல்லத் தேவையில்லை.

நம்மிடம் வந்தது சமையல் அடுப்பு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் எச்.எஸ். முகுந்தா குழுவினர் ஆராய்ந்து கொடுத்த வடிவத்தை, பி.பி. என்ற பெரிய எண்ணெய்க் கம்பெனி 'ஊர்ஜா' என்று பெயரிட்டு 2006 வாக்கில் கிராமங்களுக்குக் கொண்டுவந்தது. ஏழைகளும் பெரிய சந்தைதான் என்று சொன்ன பேராசிரியர் சி.கே. பிரகலாத்தின் யோசனை இதற்குப் பின்னால் இருந்தது. மதுரையில் இருக்கும் கவனென்ட் சென்டர் ஃபார் டெவலப்மென்ட் போன்ற தொண்டு நிறுவனங்களும் இதில் கைகோத்தன. சுமார் 4 லட்சம் அடுப்புகள் விற்றன. எண்ணெய்க் கம்பெனி 2009-ல் கையை உதறியது. ஃபர்ஸ்ட் எனர்ஜி என்ற நிறுவனம் எடுத்து நடத்தியது. அதற்குள் விவசாயக் கழிவுக்கும் விலை வந்துவிட்டது. செங்கல் சூளைக்காரரும் பாய்லர்காரரும் கேட்கும் பொருளைக் கழிவு என்று எத்தனை நாள் சொல்ல முடியும்? மாத்திரை விலை ஏறியது. வியாபாரம் வீடுகளை விட்டு ஓட்டல், தொழிற்சாலை பக்கம் திரும்பியது.

எங்கள் மாதிரி எந்தக் கம்பெனியுடையது என்பதை ஆய்வு அறம் கருதி வெளியிடவில்லை. பெயர் ஸ்டிக்கர் முதல் பொங்கலன்றே கருகிவிட்டதும் ஒரு காரணம்.

இனி இயங்குமுறை. மற்ற அடுப்புகளில் தீ அடியில் இருக்கும். இதில் தலைகீழ். உட்குழியில் மாத்திரையைக் கொட்டி, மேல்வரிசைத் துளைகளுக்கு ஒரு விரற்கடை கீழே நிறுத்த வேண்டும். மேலாக நாலு சொட்டு மண்ணெண்ணெய் தெளித்து, உச்சியில் கொளுத்தி, விசிறியைப் போட வேண்டும். அடித்துளைகளில் வரும் கொஞ்சக் காற்று மாத்திரையை முழுக்க எரிய விடாமல் வாயுவாக்குகிறது. அந்த வாயு மேலே வந்ததும், மேல்வரிசைத் துளைகளில் பீறிடும் காற்று அதைப் பிடித்து எரிக்கிறது. சுற்றிலும் பூ மாதிரி ஜுவாலை நிற்கும். தீ மேலிருந்து கீழே மெல்ல இறங்கும். பானையின் அடியில் கரி அதிகம் பிடிக்காது. முதல் நாள் இதைப் பார்த்துவிட்டுப் பெரியம்மா கேட்டார்: "தலையில கொள்ளி வச்சுத் தொடங்குற அடுப்பு வீட்டுக்கு ஆகுமாடா?" அறிவியலில் இதற்கு வாயுவாக்கம் என்று பெயர். இரண்டு பெயரில் எது பொருந்துகிறது என்பதைக் கட்டுரைத் தலைப்பிலேயே தீர்த்துவிட்டேன்.

இத்தனைக்கும் உயிர்நாடி அந்தச் சின்ன விசிறி. உள்ளங்கை அளவுதான். பங்குனியில் ஒரு சாயங்காலம், உளுந்தங்கஞ்சி கொதி வரும் நேரத்தில், டப்பாவுக்குள் அடைபட்ட ஈ மாதிரி முனகிவிட்டு அது நின்றது. வாயு இருக்கிறது, எரிக்கக் காற்றில்லை. வெளுத்த மஞ்சளாய்ப் புகை கிளம்பி மாங்கிளை வரை போனது. கிளையிலிருந்த அணில் வேறு மரத்துக்குத் தாவியது. நல்லவேளை, முதுகில் கோடு போட்ட சாதா அணில். இந்த வட்டாரத்துக்கே பேர் வாங்கித் தந்த சாம்பல் நிற அணிலாக இருந்திருந்தால் வனத்துறைக்கு விளக்கம் எழுத வேண்டியிருந்திருக்கும்.

கவிழ்த்துப் பார்த்ததில் மேலும் தரவுகள் கிடைத்தன. அடித்தட்டு அரித்துப்போயிருந்தது. உள்பூச்சில் முடியளவு விரிசல். சாம்பல் உருகி இறுகிய கிட்டம் மூன்று துளைகளை அடைத்திருந்தது. பேட்டரி, பென்ஷன் வாங்கும் வயதில் இருந்தது.

தோப்பில் ஏன் இந்த அடுப்பு, கேஸ் வைத்துக்கொள்ளக் கூடாதா என்று வெளியூர் ஆய்வாளர்கள் கேட்கக்கூடும். ஓடையில் தண்ணீர் வந்தால் பாதை இல்லை, யானை இறங்கினால் சிலிண்டர் போட வரும் தம்பி இல்லை. சரி, விறகு? மேற்கே உள்ள காடு 1988-லிருந்து சாம்பல் நிற அணில் சரணாலயம். 2021-லிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம். அணிலும் புலியும் பங்குபோட்டுக்கொண்ட இடத்தில் நாம் சுள்ளி பொறுக்கப் போகக் கூடாது.

அடுப்பைச் சாக்கில் கட்டிக்கொண்டு ராஜபாளையம் போனேன். கேஸ் அடுப்புக் கடைக்காரர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "விசிறி இருக்குல்ல சார், எலெக்ட்ரீசியன் வேலை இது" என்றார். எலெக்ட்ரீசியன் தட்டிப் பார்த்துவிட்டு, "நெருப்பு இருக்குல்ல, அடுப்புக்காரர்கிட்ட போங்க" என்றார். செல்போன் கடைத் தம்பி பேட்டரியைக் கழற்றி, முகர்ந்து பார்த்து, திரும்பக் கொடுத்துவிட்டான். பல்துறை ஆய்வு என்று பல்கலைக்கழகங்களில் சொல்வது இதைத்தான்: எந்தத் துறையும் பொறுப்பேற்காது. கடைசியில் மில் சாமான்கள் கடையும் லேத்துப் பட்டறை ஒன்றில்தான் ஆய்வுக்கு மரியாதை கிடைத்தது. நூற்பாலைகள் நிறைந்த ஊரின் பெரிய லாபம் அது. அங்கே இருந்த அண்ணாச்சி அடித்தட்டை வெளிச்சத்தில் பிடித்து, விரலால் துளைகளை எண்ணி, "இரும்புத் தகட்டுல போட்டுத் தரேன். ஆனா இதுக்கு வச்சுக் கொளுத்துற சாமான் இப்ப எங்க கிடைக்குது?" என்றார். இந்தக் கேள்வியின் ஆழம் அப்போது எனக்கு உறைக்கவில்லை.

கோட்பாட்டுக்கு வருவோம். சரிபார்க்கும் செலவு புதுவிலையில் பாதியைத் தாண்டினால் புதிது வாங்கு என்று ஃபிரிட்ஜ், வாஷிங்மெஷின்காரர்கள் ஒரு விதி வைத்திருக்கிறார்கள். இதில் இரண்டு ஓட்டை. புது அடுப்பு கடையில் இருந்தால்தானே புதுவிலை? வீட்டுக்கு ஏற்ற அளவில் நான் விசாரித்த கடைகள் ஒன்றிலும் இல்லை. ஓட்டலுக்கு உரியது இருக்கிறது. அதில் வைத்தால் பெரியம்மாவின் கஞ்சிச்சட்டி உள்ளே விழுந்துவிடும். அடுத்தது, செலவு என்றால் என்ன? லேத்துக்கு 350, பஸ்ஸுக்கு 80, நான்கு டீக்கு 60. இவை எளிதில் கூட்டத்தக்கவை. "அந்த இழவைத் தூக்கிக்கிட்டு அலையாதேன்னு சொன்னேன்ல" என்று வாசலில் நின்று மதினி சொல்வதை எந்தக் கணக்கில் எழுதுவது? தேய்மானத்தில் எழுதினேன்.

பகுதிகளை மாற்றிக்கொண்டே போனால் அது பழைய அடுப்பா, புது அடுப்பா என்பது தத்துவச் சிக்கல். கிரேக்கர்கள் இதற்கு ஒரு கப்பலை வைத்து மண்டையை உடைத்துக்கொண்டார்கள். நாங்கள் தேரை வைத்தே முடித்துவிட்டோம். ஆண்டாள் கோயில் பெரிய தேருக்கு மரச்சக்கரம் போய் இரும்புச் சக்கரம் வந்தது, பிரேக் வந்தது. ஆடிப்பூரத்தன்று வடத்தைப் பிடித்தவர்களில் ஒருவராவது 'புதுத் தேர்' என்று சொல்லியிருப்பாரா?

ஆனால் இந்தச் சிக்கல் எல்லா அடுப்புக்கும் வருவதில்லை. ஆய்வின் ஒரே கண்டுபிடிப்பு இது என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பழைய முறையில் கிண்டும் இடங்களில் புளிய விறகும் முந்திரிக்கொட்டை ஓடும் போட்டு எரிப்பார்கள். அங்கே உள்ளது செங்கல்லும் மண்ணுமாகக் கட்டிய அடுப்பு. வாயோரம் விரிசல் விட்டால் செம்மண்ணைக் குழைத்து ஒரு பூச்சு; அது பழுதுபார்த்தது. இடிந்து விழுந்தால் அதே மண்ணில் மறுபடி கட்டுவார்கள், அது புதிது. இரண்டுக்கும் ஒரே மண், ஒரே கை, அநேகமாக ஒரே மத்தியானம். சரிபார்ப்பதா மாற்றுவதா என்று அந்த அடுப்பின் முன்னால் போய்க் கேட்டால் கிண்டுகிற அண்ணாச்சி நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். கடையில் வாங்கி, உதிரிப்பாகம் கடையிலிருந்தே வரவேண்டிய பொருளோடு சேர்ந்து பிறந்த கேள்வி இது.

பேருந்து டி.கல்லுப்பட்டியில் நிற்கும்போதெல்லாம் ஜே.சி. குமரப்பா நினைவு வரும். கடைசி ஆண்டுகளை அங்குள்ள காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கழித்தவர். 1960 ஜனவரி 30-ல் மறைந்தார். தோண்டித் தீர்க்கிற நிலக்கரி, எண்ணெய் ஒரு வகைப் பொருளாதாரம், வருஷா வருஷம் விளைந்து வருவது இன்னொரு வகை என்று பிரித்துச் சொன்னவர். எங்கள் அடுப்பில் மாத்திரை விளைந்து வருவது. பேட்டரி தோண்டி எடுத்தது. இரண்டையும் ஒரே டப்பாவில் அடைத்துக் கொண்டுபோய்க் காட்டியிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்பதைத் தனி ஆய்வாகச் செய்ய வேண்டும். நிதியுதவிக்குச் சுருக்குப்பை ஒத்துக்கொள்ளவில்லை.

முடிவில் சரிபார்த்தேன். அடித்தட்டு லேத்தில் தயாரானது. கிட்டத்தை உளியால் தட்டி எடுத்தேன். விரிசலுக்குப் பெரியம்மா செம்மண் பூசினார். விசிறிக்குப் பழைய கம்ப்யூட்டர் ஒன்றிலிருந்து கழற்றியதைப் பொருத்தினோம். அது 12 வோல்ட், நம் பேட்டரி 6. சுற்றுகிறது, அரை மூச்சில் சுற்றுகிறது.

அடுப்பு தயார் ஆன பிறகுதான் லேத்து அண்ணாச்சியின் கேள்வி முன்னால் வந்து நின்றது. கையிருப்பு மாத்திரை கால் மூட்டைகூட இல்லை. விசாரித்தால் டன் கணக்கில் தருகிறார்கள். பத்துக் கிலோ என்றதும் போனை வைத்துவிடுகிறார்கள். 2021-ல் மத்திய மின்துறை, அனல்மின் நிலையங்கள் நிலக்கரியோடு 5 சதவீதம் இந்த மாத்திரையைக் கலந்து எரிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. ஓர் உளுந்தங்கஞ்சிக்காக அனல்மின் நிலையத்தோடு போட்டி போடுகிற நிலையில் எங்கள் குடும்பம் இல்லை.

பெரியம்மா போட்டி போடவில்லை. கரிசக்காட்டிலிருந்து வந்த பருத்திமாரை அரிவாளால் விரல் நீளத்துக்கு நறுக்கிப் போட்டார். சிரட்டையை உடைத்துக் கலந்தார். உச்சியில் கொளுத்தினார். கொஞ்சம் புகைந்து, பிறகு பிடித்துக்கொண்டது. பால் காய்கிறது, சுக்குக் காப்பி ஆகிறது. கஞ்சிக்கு மட்டும் விசிறியின் வேகம் போதவில்லை.

ஆகவே பரணிலோ பழைய இரும்புக் கூடையிலோ இந்த வகை அடுப்பு வைத்திருப்பவர்கள் அதை எடைக்குப் போட்டுவிட வேண்டாம். விசிறி நன்றாக இருந்தால், அது 6 வோல்ட் விசிறியாகவும் இருந்தால், கழற்றித் துடைத்து எடுத்து வையுங்கள். செண்பகத்தோப்பு வரும்போது கொண்டுவந்தால் சுக்குக் காப்பி உண்டு. விலையைப் பெரியம்மா பேசுவார்.