ஆன்டிவைரஸ் மகாராஜாவுக்கு ஒரு மெய்க்கீர்த்தி

மகாராஜ ராஜஸ்ரீ ஆன்டிவைரஸ் பெருமான் அவர்களின் கீர்த்தியைப் பாடப் புகுந்தேன். கணினித் திரையின் வலது மூலையில், கடிகாரத்துக்குப் பக்கத்தில், கேடயம் தரித்துக் கொலுவீற்றிருக்கும் அந்தத் திருவுருவைக் காணாத கண் இன்று எந்த அலுவலகத்திலும் இல்லை. 4 ஜிபி ரேம் மட்டுமே உள்ள ஏழைக் கணினியானாலும் அங்கே எழுந்தருளத் தயங்காத எளிமை அவருடையது. எழுந்தருளியதும் தமக்கு வேண்டியதை முதலில் எடுத்துக்கொண்டு, மிச்சமிருப்பதைக் கோரல் டிரா, ஃபோட்டோஷாப், டேலி முதலான பரிவாரங்களுக்குப் பகிர்ந்தளிக்கும் கொடைத்திறம் கடையெழு வள்ளல்களிடமும் இருந்ததில்லை. பாரி முல்லைக்குத் தேர் கொடுத்தான். ஆனால் அது அவனுடைய சொந்தத் தேர். பெருமானோ பிறர் காசு கொடுத்து வாங்கிப் போட்ட ரேமிலிருந்தே அள்ளி அள்ளி வழங்குகிறார்.

விருதுநகர்ச் சீமைக்கு அவர் செய்திருக்கும் உபகாரத்தைச் சொல்லாவிட்டால் நான் நன்றி கொன்றவனாவேன். அந்தச் சீமையிலுள்ள சிவகாசி ஓயாத ஊர். 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்த நாளிலிருந்து அந்த ஊர் உட்காரவே இல்லை. தீப்பெட்டி செய்தது, அதற்கு லேபிள் வேண்டுமென்று அச்சகம் வைத்தது, பட்டாசு செய்தது, அதற்கும் லேபிள் அடித்தது, பிறகு காலண்டர், டைரி, நோட்டுப் புத்தகம் என்று நிற்காமல் போயிற்று. 'குட்டி ஜப்பான்' என்று பட்டம் வாங்கிய பிறகும் அடங்கவில்லை. மழை பொய்த்த கரிசலில் நூறு ஆண்டுகள் இப்படி ஓடிய ஜனங்களைக் கொஞ்சம் உட்கார வைக்க எந்த அரசாலும் முடியவில்லை. மகாராஜா முடித்துக் காட்டினார். அதற்கு அவருக்கு ஒரு 'ஃபுல் ஸ்கேன்' போதுமானதாக இருந்தது.

ஆடிப்பெருக்கன்று அடுத்த ஆண்டுக் காலண்டர்களின் ஆல்பம் வெளியாகும். அன்று தொடங்கும் ஓட்டத்தில், தீபாவளிப் பட்டாசுப் பெட்டிகளுக்கான லேபிள் வேலையும் வந்து சேர்ந்துகொள்ள, டிடிபி சென்டர்களில் விளக்கு அணையாது. அப்படி ஓர் இடத்தில் மகாராஜாவின் தர்பாரை நேரில் தரிசிக்கும் பாக்கியம் எனக்கு வாய்த்தது. டிசைனர் தம்பி ஒரு முருகன் காலண்டரைத் திறந்து வைத்திருந்தார். மயில் தோகையில் ஒரு கண்ணுக்கு மட்டும் நீலம் கொஞ்சம் கூட வேண்டும், அவ்வளவுதான் வேலை. மவுஸை அசைத்தார். அம்புக்குறி நகரவில்லை; அதன் இடத்தில் நீல வளையம் ஒன்று சுழலத் தொடங்கியது. தோகை பாதி வரையில் வந்து நின்றது. வாசலில் பிளேட் போடக் கோப்பு வாங்கிப் போக வந்த பையன், பைக்கின் மேலேயே உட்கார்ந்திருந்தான்.

"அண்ணாச்சி, ஸ்கேன் ஓடுது."

"எப்பப்பா முடியும்?"

"முப்பத்தெட்டு பர்சென்ட்லயே நிக்கிது அண்ணாச்சி."

அங்கே அச்சகத்தில் நான்கு கலர் மிஷினில் மை ஊற்றிவிட்டு, காகிதம் அடுக்கிவிட்டு, கூலிக்கு வந்தவர்கள் கைகட்டி நின்றார்கள். இங்கே ஒரு மயிலின் கண் திறக்கவில்லை. இத்தனை பேரையும் ஒரே நேரத்தில் தியானத்தில் அமர்த்த எந்த யோகியால் ஆகும்?

பெருமானின் நிர்வாக நுட்பத்தை அறிந்தவர்கள் இதில் வியப்படைய மாட்டார்கள். விண்டோஸின் கோப்புக் கிடங்கு வாசலிலேயே தம்முடைய டிரைவர் ஒன்றை அவர் நிறுத்தி வைத்திருக்கிறார். எந்த மென்பொருள் எந்தக் கோப்பைத் திறக்கக் கைநீட்டினாலும், முதலில் பெருமான் பார்த்துத் திருவாய் மலர்ந்த பிறகே உள்ளே விடப்படும். தம்பி ஒரு முறை 'சேவ்' கொடுத்தால் உண்மையில் நடப்பது ஒரு கோப்பு எழுதுவதன்று. தற்காலிகக் கோப்பு ஒன்று, பழையதன் பேக்கப் ஒன்று, பிறகு உண்மையான கோப்பு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விசாரணை. பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால், தம்பி கேட்டதற்கு ஒரு பக்கமும் பெருமான் கேட்டதற்கு மறுபக்கமுமாக அதன் முள் ஓடி ஓடிக் கரகரக்கும். ஃபுல் ஸ்கேன் வந்துவிட்டாலோ நீதி இன்னும் ஒரு படி உயரும். 2011 காலண்டரின் ஜிப் கோப்பை அவிழ்த்து, அதற்குள் இருக்கும் ஜிப்பையும் அவிழ்த்து, போன வாரம் தாமே 'நல்லவன்' என்று சான்று கொடுத்து அனுப்பியதை மறுபடியும் கூண்டில் ஏற்றி விசாரிப்பார். தம் தீர்ப்பைத் தாமே நம்பாத இத்தகைய அடக்கம் எந்த நீதிமன்றத்தில் உண்டு?

நேரந்தவறாமையோ சொல்லி முடியாது. ஸ்கேன் நேரத்தை இரவு 2 மணிக்கு வைத்துவிட்டு, கரண்ட் பில்லுக்குப் பயந்து கணினியை அணைத்துவிட்டுப் போகிறார்கள். தவறிய கடமையை மகாராஜா மறப்பாரா? காலையில் கடை திறந்து, சாமி படத்துக்குப் பூ வைத்து, கணினியைப் போட்டதும் முதல் வேலையாக நேற்றைய பாக்கியைத் தீர்க்கத் தொடங்கிவிடுவார். கடன் நிறுத்தி வைக்கும் வழக்கம் அவர் குலத்திலேயே கிடையாது.

விருதுநகரில் கணக்கு எழுதும் அன்பர்கள் அவரை இன்னும் நெருங்கி அனுபவிக்கிறார்கள். பருப்பு, எண்ணெய், வற்றல் என்று இந்த ஊர்ச் சந்தை, விலை நிலவரம் பத்திரிகையில் வரும் அளவுக்குப் பெயர் பெற்றது. மாதம் 20-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி படிவம் தாக்கல். அன்று டேலியைத் திறந்தால், அதன் நூற்றுக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளை ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்து அனுமதிக்கும் பெருமானின் தாய்மையைக் காணலாம். ஈ-வே பில் எடுக்க பிரவுசரைத் திறந்தால் அங்கேயும் அவர். சில மகாராஜாக்கள் தமது சான்றிதழையே கணினியில் பதித்துவிட்டு, வங்கிக்கும் வாடிக்கையாளருக்கும் நடுவில் உட்கார்ந்து, பூட்டிய உறையைப் பிரித்துப் படித்து மறுபடி ஒட்டி அனுப்பும் சிரமத்தையும் மேற்கொள்கிறார்கள். பில் வரும் வரை லாரி நகர முடியாது. டிரைவர் போய் இரண்டு எண்ணெய்ப் பரோட்டா சாப்பிட்டு வருகிறார். திரும்பி வந்தும் வளையம் சுழல்கிறது.

தண்டனை வழங்குவதில் அவருக்கு நிகர் அவரே. டிடிபி சென்டர்களுக்கு வரும் பென் டிரைவ்களில் 'ஷார்ட்கட் வைரஸ்' என்று ஒன்று உண்டு. உண்மையான ஃபோல்டர்களை மறைத்துவிட்டு, அவற்றின் பெயரில் போலி ஷார்ட்கட்களை வைத்துவிடும். பெருமான் பாய்ந்து போலிகளை அழித்துவிடுகிறார். மறைந்த ஃபோல்டர்களை வெளியே கொண்டுவருவதோ பல நேரம் அவருடைய திருவுளத்தில் இல்லை. சாத்தூரிலிருந்து மகள் கல்யாணப் பத்திரிகையைக் கொண்டுவந்தவர் காலி பென் டிரைவைப் பார்த்துத் திகைத்து நிற்பார். 'அட்ரிப்' கட்டளை ஒன்று கொடுத்தால் அத்தனையும் திரும்பிவிடும் என்பதைச் சொல்லாமல், 'அபாயம் நீக்கப்பட்டது' என்று பச்சை எழுத்தில் அறிவித்து ஓய்வெடுப்பார். தமிழ்ப் பற்றும் அவருக்குக் குறைவில்லை. விசைப்பலகைக்கும் திரைக்கும் நடுவில் நின்று ஆங்கில எழுத்தைத் தமிழாக்கித் தரும் மென்பொருள், நாம் தட்டுவதைத் திருடும் விசைத் திருடனைப் போலவே நிற்பதால், அதையும் சந்தேகத்தின் பேரில் அவ்வப்போது சிறையில் தள்ளி, தமிழனைத் தமிழ் தட்டச்சு செய்யும் சிரமத்திலிருந்து விடுவிக்கிறார்.

ஒரே கணினியில் இரண்டு மகாராஜாக்களைப் பிரதிஷ்டை செய்திருக்கும் பக்தர்களையும் கண்டிருக்கிறேன். பட்டாசுத் தொழிலில் குளோரேட்டையும் கந்தகத்தையும் கலக்கவே கூடாது என்று 1992-இல் அரசு தடை போட்டது. இரண்டும் தனித்தனியே சாதுக்கள், சேர்ந்தால் தேய்த்தாலே வெடிக்கும். இரண்டு மகாராஜாக்களின் சங்கமமும் அப்படியே. முதலாமவர் திறந்த கோப்பை இரண்டாமவர் சந்தேகிப்பார், இரண்டாமவர் தொட்டதை முதலாமவர் மறுபடியும் திறப்பார். இதற்குத் தடை போட நம் நாட்டில் சட்டம் ஏதும் இல்லாதது பக்தர்களின் நல்லூழ்.

அயல் தேசங்களிலும் இந்தக் குலத்தின் கொடி பறக்கிறது. 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபியின் புதுப்பிப்பு ஒன்று, விண்டோஸ் எக்ஸ்பியின் உயிர்நாடியான எஸ்விசி ஹோஸ்ட் கோப்பையே வைரஸ் என்று கண்டுபிடித்துப் பிடித்து அடைத்தது. உலகெங்கும் கணினிகள் அணைந்து அணைந்து எழுந்தன. அணைந்த கணினியில் வைரஸ் புகாது என்ற பேருண்மையை அதற்கு முன் இத்தனை விரிவாக நிரூபித்தவர் இல்லை. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் அந்தச் சாதனையையும் கடந்தது. அதே காவல் குலத்தின் நவீன வாரிசு அது. ஒரே புதுப்பிப்பில் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளுக்கு நீலத் திரை சாற்றியது. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அழிந்துவந்த கையெழுத்துக் கலைக்கு அன்று கிடைத்த ஆதரவு எந்தப் போட்டியிலும் கிடைத்ததில்லை.

நம்பிக்கைக்கு உரியவர் என்பதில் ஐயமே வேண்டாம். அவாஸ்ட், தன்னை நம்பியவர்கள் எந்தெந்த இணையதளம் பார்த்தார்கள் என்ற விவரத்தைத் துணை நிறுவனம் ஒன்றின் வழியாக விற்றதற்காக, 2024-இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் 1.65 கோடி டாலர் கட்டச் சொன்னது. பிறர் பார்க்காமல் காப்பதாகச் சொன்னதைத் தாமே பார்த்து, பார்த்ததை மற்றவர்க்கும் பகிர்ந்த பரந்த மனம் அது. நார்ட்டன் 2021-இல், விரும்பியவர்களின் கணினியில் கிரிப்டோ நாணயம் தோண்டும் வசதியையும் சேர்த்துக் கொடுத்து, கிடைத்ததில் நூற்றுக்குப் பதினைந்தை மட்டும் எடுத்துக்கொண்டது. மின்கட்டணம் முழுவதையும் அடியார்களுக்கே விட்டுக்கொடுத்த பெருந்தன்மையை வரலாறு குறித்துக்கொள்ள வேண்டும். விண்டோஸோடு கூடவே வரும் டிஃபெண்டரும் சளைத்தவரல்லர். ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர் ஓடும்போது அவர் பிராசஸரை அளவுக்கு மீறி எடுத்துக்கொள்கிறார் என்று 2018-இல் எழுந்த புகாரை ஐந்து ஆண்டுகள் ஆற அமர யோசித்து 2023-இல் தீர்த்துவைத்தார்கள்.

மருத்துவத்திலும் அவர் கை தேர்ந்தவர். கணினி மெதுவாகிவிட்டதா? 'உங்கள் கணினி மந்தமாக இருக்கிறது' என்று அவரே ஓடோடி வந்து சொல்வார். வேகம் கூட்டும் துணை மென்பொருளை ஆண்டுச் சந்தாவில் அவரே தருவார். தம்மால் வந்த நோய்க்குத் தாமே மருந்து விற்கும் கருணையை என்னென்பது! அந்த மருந்துக்குப் பணம் கட்டாதவர்கள் ஹார்ட்வேர்காரரைக் கூப்பிடுகிறார்கள். அவர் ரேம் கூட்டுகிறார், ஃபார்மட் அடிக்கிறார், பிறகு தம் கையாலேயே மகாராஜாவை மறுபடி பிரதிஷ்டை செய்துவிட்டுப் போகிறார். காலண்டர் தாமதமானதற்குத் திட்டு வாங்குபவர் டிசைனர் தம்பி. பொறுமையிழந்த தம்பி ஒரு நாள் காவலை மொத்தமாக அணைத்துவிட, அன்று வரும் பென் டிரைவில் நிஜமான வைரஸ் வந்து சீசன் முழுதும் செய்த வேலையைப் பூட்டிவிடும். வைரஸின் வருகைக்குக் கதவைத் திறந்து வைக்குமளவு குடிகளைப் பக்குவப்படுத்தியது யாருடைய சாதனை என்று சொல்லவும் வேண்டுமோ!

ஆகவே, அன்பர்களே, உங்கள் பாதம் பணிந்து கேட்டுக்கொள்கிறேன். சில நன்றிகெட்டவர்கள் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, சிபியு, டிஸ்க் என்ற பத்திகளில் முதலிடத்தில் யார் இருக்கிறார் என்று எட்டிப் பார்க்கிறார்கள். அரசரின் அந்தரங்கத்தைப் பார்ப்பது பாவம். ஸ்கேன் நேரத்தை மதியச் சாப்பாட்டு வேளைக்கு மாற்றுகிறார்கள், தாங்களே உருவாக்கிய டிசைன் ஃபோல்டரையும் டேலி ஃபோல்டரையும் மட்டும் விலக்குப் பட்டியலில் சேர்க்கிறார்கள், பென் டிரைவையும் டவுன்லோடையும் விலக்காமல் விடுமளவு தந்திரம் படித்திருக்கிறார்கள். இரண்டு மகாராஜாக்களில் ஒருவரை, அந்தந்த நிறுவனமே தரும் நீக்கும் கருவியால் வேரோடு எடுத்துவிட்டு, மற்றவர் ஒருவரையே வைத்துக்கொள்கிறார்கள். சுழலும் ஹார்ட் டிஸ்கைக் கழற்றி எஸ்எஸ்டி மாட்டுகிறார்கள். முக்கியமான கோப்புகளை வெளி டிஸ்கில் நகலெடுத்து, அதைக் கழற்றிப் பீரோவில் பூட்டுகிறார்கள். இப்படிச் செய்பவர்களின் காலண்டர் கார்த்திகைக்குள் அச்சாகிப் போய்விடுகிறது; அவர்களுக்கு உட்காரும் பாக்கியமே கிடைப்பதில்லை. நீங்களாவது அந்தப் பாதகத்தைச் செய்யாதீர்கள். உங்கள் சந்தா முடிய இன்னும் பதினோரு மாதம் இருக்கிறது என்று மகாராஜா இப்போதே நினைவூட்டிக்கொண்டிருக்கிறார். இன்றே புதுப்பித்துவிடுங்கள்.