வரவேற்பறையில் செடியைச் சாகடிப்பது எப்படி?

நர்சரியில் வாங்கிய செடி மூன்று மாதம் கழித்தும் உயிரோடு இருக்கிறதா? கவலை வேண்டாம். முன்னோர் காட்டிய வழி இருக்கிறது. பாதி உங்களுக்கு ஏற்கெனவே கைவந்த கலைதான்.

1. பருவத்தில் விளைவதற்கு ஆசைப்படாதீர்கள். ரோமப் பேரரசர் திபேரியஸுக்குத் தினமும் வெள்ளரிக்காய் வேண்டும். சக்கரம் வைத்த பாத்திகளை வெயிலுக்குத் தள்ளினார்கள். குளிர்காலத்தில் உள்ளே இழுத்து, ஒளி புகும் கல்தகடுகளால் மூடினார்கள். தள்ள ஓர் ஆள் பிடியுங்கள். நீங்களே தள்ளினால் அது வேலையாகிவிடும்.

2. செடியை விடுங்கள், தொட்டியைக் கவனியுங்கள். பதினான்காம் லூயி வெர்சாய் கண்ணாடி மண்டபத்தில் ஆரஞ்சு மரங்களை வெள்ளித் தொட்டிகளில் நிறுத்தினார். 1689-ல் போருக்குப் பணத் தட்டுப்பாடு வந்தபோது தொட்டிகள் உருக்கப்பட்டன. மரத்தை உருக்க முடியுமா?

3. வெளிச்சத்தையும் நல்ல காற்றையும் ஒழியுங்கள். விக்டோரியா கால லண்டனில் கனத்த திரை, கரிப்புகை, எரிவாயு விளக்கு மூன்றும் சேர்ந்து இதை அழகாகச் செய்தன. உங்களுக்கு ஏ.சி. போதும், காற்று இலையில் நேராகப் படட்டும். எச்சரிக்கை: ஆஸ்பிடிஸ்ட்ரா என்ற செடியை வாங்காதீர்கள். அது அத்தனையையும் தாங்கிக்கொண்டு நின்றது.

4. நர்சரி எதற்கு, காட்டில் பிடுங்குங்கள். அதே காலத்தில் பெரணிப் பித்துப் பிடித்த ஆங்கிலேயர்கள் கில்லார்னி பெரணியை அதன் சொந்த மண்ணில் ஏறக்குறையத் துடைத்தே விட்டார்கள்.

5. தண்ணீர் ஊற்றுங்கள். காலையில் ஒரு முறை, மனசு கேட்காவிட்டால் மறுபடியும். தவறான முன்னுதாரணம் ஒன்று உண்டு: லண்டன் மருத்துவர் நதானியேல் வார்டு. 1829-ல் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழு ஒன்றை ஈரமண்ணோடு பாட்டிலில் போட்டு மூடிவைத்தார். உள்ளே பெரணியும் புல்லும் முளைத்தன. செடி விட்ட ஆவி கண்ணாடியில் நீராகி மண்ணுக்கே திரும்பியதால், யாரும் ஊற்றாமலே அவை நான்கு ஆண்டுபோல வாழ்ந்தன. அவர் ஊரில் இல்லாதபோது மூடி துருப்பிடித்து மழைநீர் உள்ளே இறங்கியது. அதோடு முடிந்தது. அந்த மழையைப் பின்பற்றுங்கள், வார்டை அல்ல. அதே முறையில் அவர் செய்த கண்ணாடிப் பெட்டிகளை நம்பித்தான் 1833-ல் சிட்னிக்கு அனுப்பிய பெரணி உயிரோடு போய்ச் சேர்ந்தது. சீனத் தேயிலை இமயச் சரிவுக்கு வந்தது. அவ்வளவு வெற்றி நமக்கு வேண்டாம்.

6. ஒரே ஒரு மணி பிளாண்ட் வைத்து, காற்று சுத்தமாகிவிட்டதாக விருந்தாளிகளிடம் சொல்லுங்கள். நாசாவின் 1989 ஆய்வைச் சாட்சிக்கு இழுங்கள். அது மூடிய சிறு அறைகளில் நடந்தது என்பதை விழுங்கிவிடுங்கள். கட்டடத்துக்குள் இயல்பாக வந்துபோகும் காற்றின் வேலையைச் செடிகள் செய்ய, சதுர மீட்டருக்குக் குறைந்தது பத்துச் செடி வேண்டும் என்கிறது 2019-ல் வந்த ஒரு மறுபரிசீலனை. ஜன்னலைத் திறந்தாலே போதும். ஆகவே அதை மூடியே வையுங்கள்.