அடிச்சவன் எடுக்கணும்

கொல்லிமலையில் வாலிபால் ஆட விதிப் புத்தகம் தேவையில்லை. எங்கள் பள்ளி மைதானத்தில் இருந்தது ஒரே விதிதான்: அடிச்சவன் எடுக்கணும்.

சமவெளிக்காரர்களுக்கு இதன் கனம் புரியாது. அங்கே பந்து வெளியே போனால் பக்கத்து வீட்டுத் திண்ணையில் கிடக்கும். எங்களுக்குக் கிழக்குக் கோட்டைத் தாண்டினால் காபித் தோட்டம், அதைத் தாண்டினால் உண்ணிப் புதர், அதையும் தாண்டினால் பள்ளம். பந்து உருளுகிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்கும். அப்புறம் கேட்காது. அதுதான் மோசம். பந்து நின்றுவிட்டது என்று நினைத்தால் நீங்கள் வெளியூர். அது காதுக்கு எட்டாத தூரம் போய்விட்டது என்று பொருள். அடித்தவன் இறங்குவான். மற்ற பதினோரு பேரும் மேட்டில் உட்கார்ந்து கொய்யாக்காய் தின்றபடி, “இன்னும் கொஞ்சம் கீழடா!” என்று வழிகாட்டுவோம். சில நாள் அவன் பந்தோடு ஏறி வருவதற்குள் பள்ளி விடுகிற மணியே அடித்துவிடும்.

இதனால் எங்கள் ஆட்டம் தனி வகையாக வளர்ந்துவிட்டது. யாரும் ஓங்கி அடிக்க மாட்டோம். ஸ்மாஷுக்கு எகிறுகிறவன்கூட உச்சியில் ஒரு தரம் பள்ளத்தைப் பார்த்துவிட்டு, கோழிக்குஞ்சைக் கூடையில் விடுகிற மாதிரி பந்தை அந்தப் பக்கம் விடுவான். 1895-ல் அமெரிக்காவில் வில்லியம் மார்கன் வாலிபாலை உருவாக்கியதே, கூடைப்பந்து ஆடி மூச்சு வாங்கிய நடுவயது வியாபாரிகளுக்கு ஒரு மெதுவான ஆட்டம் வேண்டும் என்றுதான். அவர் நினைத்த ஆட்டத்தை அப்படியே காப்பாற்றி வைத்திருந்தவர்கள் உலகத்திலேயே நாங்கள்தான் என்று நினைக்கிறேன்.

வலை கட்டியது இரண்டு சில்வர் ஓக் மரங்களில். இரண்டிலும் மிளகுக் கொடி ஏறியிருந்தது. கொல்லிமலையில் மிளகுக் கொடியைத் தொடுவதும் அடுத்தவர் மடியில் கை விடுவதும் ஒன்று. ஆகவே வலையை இழுத்துக் கட்ட முடியாது. நடுவில் அது எப்போதும் ஈரத் துணி காயும் கொடிக்கயிறு போலத் தொங்கும். கொத்து விட்ட மாதங்களில் வலையோரம் எகிறவே கூடாது என்று வாட்ச்மேன் உத்தரவு.

வாரத்துக்கு இரண்டு பி.டி. பீரியடு உண்டு. உண்டு என்றால், கால அட்டவணையில் உண்டு. கணக்கு சார் வாசலில் வந்து நின்று, “இன்னிக்கு ஒரு நாள் கடனா எடுத்துக்கறேன் சார்” என்பார். பி.டி. சார் சிரிப்பார். வாங்கிய பீரியடைத் திருப்பித் தந்ததாகச் சரித்திரம் இல்லை. கணக்கு சாரே கணக்கு வைத்துக்கொள்ளாத ஒரே விஷயம் அது. பின்னாளில் உதயநிதி ஸ்டாலின் விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்தபோது, பி.டி. பீரியடைக் கடன் வாங்காதீர்கள் என்று ஆசிரியர்களைக் கேட்டுக்கொண்டார். செய்தியைப் படித்துவிட்டு நான் பாக்கியைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எனக்கு மட்டும் ஒரு வருஷத்துக்கு மேல் வர வேண்டியிருக்கிறது.

இப்படிப்பட்ட அணி 1994 ஆடியில் ஒரு தப்புச் செய்துவிட்டது. ஜெயித்துவிட்டது. மலைக்குள்ளேயே நடந்த ஒரு போட்டியில், மீசை வைத்த இளைஞர் அணி ஒன்றைத் தோற்கடித்துவிட்டோம். அதுவரை எங்கள் பள்ளி இருப்பதே சத்துணவு சாம்பார் வாசனையால்தான் ஊருக்குத் தெரியும். மறுநாள் செம்மேடு டீக்கடையில் பெஞ்சு முழுக்க எங்கள் பேச்சு.

“ஜோனல் நம்ம பசங்களுக்குத்தான். அப்புறம் மாவட்டம். அப்புறம் மெட்ராசு” என்றார் மிளகு வியாபாரி. அப்போது எங்களுக்கு மாவட்டம் சேலம். நாமக்கல் தனி மாவட்டமானது 1997-ல்தான். டீ ஆறுவதற்குள் நாங்கள் மெட்ராசையும் தாண்டி டெல்லிக்குப் போய்விட்டோம்.

பேச்சோடு பேச்சாக வாக்குகளும் விழுந்தன. மிளகு வியாபாரி ஆளுக்கொரு பனியன். ரோடு காண்ட்ராக்டர் ஆளுக்கொரு ஜோடி கேன்வாஸ் ஷூ. சோளக்காடு சந்தையில் பலாப்பழம் எடுக்கிறவர் இரண்டு புதுப் பந்து. ஊர்ப் பெரியவர் ஒருவர் எழுந்து நின்று, கிழக்கு ஓரம் முழுக்கக் கம்பி வலை அடித்துத் தருவதாகச் சொன்னார். நாங்கள் கை தட்டினோம். டீக்கடை மாமா அன்றைக்குப் போன பதினாலு டீயையும் பற்று நோட்டில் குறித்துக்கொண்டார். வாக்குகளைக் குறித்துக்கொள்ள நோட்டு இல்லை.

வந்து சேர்ந்தது பனியன் மட்டும். மஞ்சள். முதுகு பூராவும் மிளகு மண்டியின் பெயர், அதன் கீழே முதலாளி பெயர், அதன் கீழே அவருடைய அப்பா நினைவாக. நம்பருக்கு இடமில்லை. நம்பர் இல்லாமல் இறங்க விடமாட்டார்கள் என்று பி.டி. சார் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு வாங்கிய பிளாஸ்திரியை வெட்டி எங்கள் நெஞ்சில் நம்பர் ஒட்டினார். நான் நாலாம் நம்பர். வேர்த்தால் ஒன்றாம் நம்பர்.

நாமக்கல்லில் ஜோனல் போட்டி. விடிகாலை பஸ். செம்மேட்டிலிருந்து காரவள்ளிக்கு இறங்க எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் ஒரு பலகை: 70/70, 69/70, 68/70. மார்க் ஷீட் மாதிரி. மலை உச்சியில் நாங்கள் முழு மார்க். இறங்க இறங்கக் குறைகிறது. 52/70-ல் எங்கள் செட்டர் ஜன்னலோரம் கேட்டான். 41/70-ல் எலுமிச்சம்பழம் கை மாறியது. 35/70-ல், அதாவது சரியாக ஐம்பது சதவீதத்தில், அணியில் பாதிப் பேர் காலியாகிவிட்டார்கள். பி.டி. சார், “வெளிய பாருங்கடா, வெளிய பாருங்கடா” என்று சொல்லிக்கொண்டே வந்தவர் 20/70-ல் தானே வெளியே பார்க்க ஆரம்பித்தார். 1/70-ஐத் தாண்டி சமதரையில் இறங்கியபோது தரை எங்களுக்கு ஆடியது. சேந்தமங்கலம் வரை யாரும் பேசவில்லை.

ஆனால் மைதானத்தில் கால் வைத்ததும் எங்கள் செட்டர் ஒரு கண்டுபிடிப்பை அறிவித்தான்.

“டேய், சுத்தியும் சொவுரு இருக்குடா!”

நாலு பக்கமும் காம்பவுண்டுச் சுவர். எங்கே அடித்தாலும் பந்து திரும்பி வரும். அந்த நிமிஷம் எங்களுக்கு ஏற்பட்ட விடுதலையை என்னால் எழுத முடியாது. பத்து வருஷம் கோழிக்குஞ்சு விட்ட கைகள் அன்றைக்கு அடித்தன பாருங்கள்! ஒவ்வொரு அடியும் நாங்கள் பள்ளத்துக்குப் போய்வந்த ஒவ்வொரு நடைக்கும் பழி. காலையில் ஓர் அணி, மதியம் ஓர் அணி, இரண்டும் சுருண்டன. சாயங்காலம் இறுதிப் போட்டி. ஆளுக்கொரு செட். கடைசி செட்டில் 13-க்கு 14. அவர்களுக்கு ஒரே புள்ளி பாக்கி. சர்வீஸ் என் கையில்.

ஓங்கினேன். அந்த நேரம் பார்த்துக் கைக்குப் பள்ளம் ஞாபகம் வந்துவிட்டது. தலைக்குத் தெரியும், சுவர் இருக்கிறது என்று. கைக்குத் தெரியவில்லை. பந்து மெதுவாகப் போய் வலையின் மேல் பட்டியில் உரசி, யோசித்து, அந்தப் பக்கம் விழுந்தது. நான் குதித்தேன். நடுவர் விசில் ஊதினார். அந்தக் காலத்தில் சர்வீஸ் பந்து வலையைத் தொட்டாலே தப்பு. 13-க்கு 15.

திரும்பி வரும்போது பஸ் 1/70-லிருந்து 70/70-க்கு ஏறியது. தோற்றுவிட்டு முழு மார்க் வாங்கியவர்கள் நாங்கள்.

விசாரணை மறுநாள் காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தது. பால் வாங்கப் போன இடத்தில் பால்காரர், “ஏன்டா தம்பி, ஒரு பந்த அந்தப் பக்கம் போடறதுக்கு அவ்வளவு கஷ்டமா?” என்றார். கோயிலில் பூசாரி திருநீறு தரும் கையைப் பாதியில் நிறுத்தி, “கொஞ்சம் ஓங்கிப் போட்டிருக்கலாம்” என்றார். நியாய விலைக்கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பாட்டி, வாலிபாலை வாழ்நாளில் பார்க்காதவர், “நீதானா அந்த நாலு?” என்று கேட்டார். பெரிய அமர்வு டீக்கடையில். ஷூ தராத காண்ட்ராக்டர், எங்கள் காலடி வேலை சரியில்லை என்றார். பந்து தராதவர், பயிற்சி போதாது என்றார்.

கடைசியில் மிளகு வியாபாரி எங்கள் ஊர்ச் சிலையைக் கை காட்டினார். செம்மேட்டில் வில்லோடு நிற்கும் வல்வில் ஓரி. “ஒரே அம்புல யானை, புலி, மான், பன்னி, உடும்பு. அஞ்சு. அவரு பொறந்த மண்ணுல பொறந்துட்டு உனக்கு ஒரு பந்து!”

எனக்கு அழுகை வந்தது. அன்று தமிழ் ஐயாவிடம் போய்ச் சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “அந்த அம்பைப் பத்தி வன்பரணர் புறநானூத்துல பாடியிருக்கார், வாஸ்தவம். ஆனா ஓரி கடைசியில திருமுடிக்காரிகிட்டச் சண்டையில தோத்துச் செத்துப்போனார்டா. காரி இந்தக் கொல்லிமலையையே சேரனுக்குக் கொடுத்துட்டான். அது இவங்களுக்குத் தெரியுமா?” என்றார்.

ஓடினேன். டீக்கடையில் மூச்சு வாங்கச் சொன்னேன்: “ஓரியே தோத்துத்தான் போனாரு! அவருக்குச் சிலை வெச்சு, வருசா வருசம் ஆடி பதினெட்டுக்கு அரசாங்கமே விழா எடுக்குது!”

பெஞ்சு ஒரு கணம் அமைதியானது. மிளகு வியாபாரி டீயை ஒரு வாய் உறிஞ்சினார். “அவரு அஞ்ச அடிச்சிட்டுத் தோத்தாரு” என்றார்.

உலகம் பூராவும் இதே பெஞ்சுதான் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் ஒடெஸா என்று ஓர் ஊர். எண்ணெய்க் கிணறுகளும் பள்ளிக்கூட ஃபுட்பாலும்தான் ஊரே. 1988-ல் பெர்மியன் ஹைஸ்கூல் அணி ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஓர் ஆட்டம் தோற்றது. கோச்சு வீட்டுப் புல்தரையில் ‘வீடு விற்பனைக்கு’ என்று பலகைகளை நட்டு வைத்துவிட்டார்கள். எங்கள் பி.டி. சார் தப்பித்தது குடியிருந்த வீடு வாடகை வீடு என்பதால் மட்டுமே. 2007 உலகக் கோப்பையில் வங்கதேசத்திடம் இந்தியா தோற்றபோது ராஞ்சியில் தோனி கட்டிக்கொண்டிருந்த வீட்டில் புகுந்து உடைத்தார்கள். அதைப் படித்தபோது, என்னிடம் ஒரு பாட்டி கேள்வி கேட்டதோடு விட்டார்களே என்று கொல்லிமலை மேல் எனக்குப் பாசம் பொங்கியது.

2000-ஆவது ஆண்டு வாக்கில் வாலிபால் விதி மாறியது. சர்வீஸ் பந்து வலையை உரசிக்கொண்டு போய் அந்தப் பக்கம் விழுந்தால் இனித் தப்பில்லை. நான் பேப்பரை மடித்து எடுத்துக்கொண்டு நேரே டீக்கடைக்குப் போனேன். “மாமா, பாத்தீங்களா? இப்ப அது தப்பில்லையாம். நான் போட்ட பந்து சரியான பந்து!”

டீக்கடை மாமா படித்துப் பார்த்தார். “சரி. அதுக்காக ஆறு வருசம் முன்னாடியே போடுவியா?” என்றார்.

இத்தனை பட்டவன் திருந்தியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? வயதானேன். வயதாக வயதாக, அந்தப் பெஞ்சில் எனக்கே ஓர் இடம் தானாகக் காலியானது. மிளகு வியாபாரி உட்கார்ந்த அதே ஓரம்.

போன மாதம் எங்கள் பள்ளிப் பெண்கள் அணி குறுவட்டப் போட்டிக்கு இறங்கிப் போய்த் தோற்று வந்தது. மறுநாள் காலை அந்த அணியின் கேப்டன் கடைக்கு பன் வாங்க வந்தாள். கொசுவலை மூடிய கண்ணாடி ஜாடிக்குள் கை விட்டுக்கொண்டிருந்தவளைப் பார்த்ததும் என் வாய் தானாகத் திறந்தது.

“ஏன் கண்ணு, கடைசி செட்டுல ரெண்டே பாயிண்டாமே? கொஞ்சம் ஓங்கி அடிச்சிருக்கக் கூடாது?”

சொல்லி முடிக்கும்போதே எனக்கு விபூதி வாசனை அடித்தது.

அவள் பன்னைக் காகிதத்தில் சுற்றினாள். நிதானமாக. “மாமா, போன வருசம் ஆண்டு விழா மேடையில கிழக்கால ஓரம் கம்பி வலை அடிச்சுத் தர்றேன்னு மைக்ல சொன்னீங்களே.”

“ஆமா கண்ணு… அது வந்து…”

“நாங்க கை தட்டினோம் மாமா.”

பெஞ்சு சட்டென்று பேப்பர் படிக்க ஆரம்பித்தது.

“முந்தாநேத்து ப்ராக்டிசுல அடிச்ச பந்து இன்னும் பள்ளத்துலதான் கிடக்குது. யாரு எடுக்கணும் மாமா?”

முப்பது வருஷமாக மலையில் எதுவும் மாறவில்லை. மிளகுக் கொடி மட்டும் இன்னும் நாலு அடி ஏறியிருக்கிறது. டீக்கடையில் இப்போது மகன் இருக்கிறான். அவனிடம் பற்று நோட்டைக் கேட்டு வாங்கினேன். என் டீக் கணக்குக்குக் கீழே, ‘கம்பி வலை – கிழக்கு ஓரம் முழுக்க’ என்று என் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முன்பணம் பேச வேலிக்காரருக்குப் போன் பண்ணினேன். அவர் வந்து அளக்கப் புதன்கிழமை ஆகுமாம். அதுவரை பந்து?

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காபிச் செடிகளுக்குள் இறங்கினேன். உண்ணிப் புதரில் சட்டை மாட்டியது. அதற்குக் கீழே முழங்கால் மாட்டியது. பந்து உருண்ட தடம் எங்கேயும் தெரியவில்லை. நின்று மூச்சு வாங்கி அண்ணாந்து பார்த்தேன். மேட்டில் வரிசையாகப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். கொய்யாக்காய் கடிக்கிற சத்தம் பள்ளத்துக்குள் நன்றாகவே கேட்டது.

“இன்னும் கொஞ்சம் கீழ மாமா!”