‘கொஞ்சம்’ என்னும் அளவை: ஐதராபாத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வின் தேவை

எட்டு ஆழாக்கு ஒரு படி. எட்டுப் படி ஒரு மரக்கால். ஒன்றை 320 கூறாகப் பிரித்து, அதில் ஒரு கூறுக்கு ‘முந்திரி’ என்று பெயரும் வைத்துவிட்டுத்தான் நம் முன்னோர் உறங்கப் போனார்கள். அத்தகைய இனம், தினமும் மூன்று வேளையும் புழங்குகிற ஓர் அளவையை மட்டும் வரையறுக்காமல் விட்டுவிட்டது. அதன் பெயர் ‘கொஞ்சம்’. ஒரு கொஞ்சத்துக்கு எத்தனை முந்திரி என்று எந்த வாய்பாட்டிலும் நான் படித்ததில்லை.

இக்குறையின் விளைவு இடுப்பில் தெரிகிறது. சோற்றையும் சர்க்கரையையும் ஒதுக்கி இளைத்தவர்கள் ஓராண்டுக்குள் பழைய கால்சட்டையைத் தேடுவது ஏன் என்பதே இவ்வாய்வின் வினா. எடை திரும்பி வருவது சோற்றால் அன்று, கொஞ்சத்தால் என்பது இதன் துணிபு.

2. முன்னாய்வுகள்

மாவுச்சத்தைக் குறைத்தால் மேனி இளைக்கும் என்பதை ஊரறியச் செய்தவர் மருத்துவர் அல்லர். இறுதிச் சடங்கு நடத்தித் தரும் தொழில் செய்த லண்டன்வாசி வில்லியம் பேண்டிங். காது மந்தம் என்று வில்லியம் ஹார்வி என்ற மருத்துவரிடம் போனவரை, ரொட்டி, சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் விடச் சொல்லி அனுப்பினார்கள். 202 பவுண்டு இருந்தவர் ஓராண்டில் 46 பவுண்டு இறங்கினார்; நம் கணக்கில் சுமார் 21 கிலோ. 1863இல் அதைச் சிறு நூலாக அச்சிட்டார். சவப்பெட்டியின் அகலத்தைத் தொழில்முறையில் அறிந்த ஒருவர் தம் அகலத்தைக் குறைத்துக்கொண்டார் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. சுவீடன்காரர்கள் இன்றும் உணவுக் கட்டுப்பாடு இருப்பதை அவர் பெயராலேயே ‘பண்டா’ என்கிறார்கள்.

1972இல் அமெரிக்காவில் டாக்டர் அட்கின்ஸ் இதையே புரட்சி என்று தலைப்பிட்டு விற்றார். தமிழில் நியாண்டர் செல்வன் ‘பேலியோ டயட்’ எழுத, காலையில் நூறு பாதாம் எண்ணும் குடும்பங்கள் பெருகின. அங்கே முந்திரிக்கு இடமில்லை, மாவுச்சத்து கூடுதல். பின்னமாக இருந்தவரை முந்திரி யாருக்கும் தீங்கு செய்யவில்லை என்க. தெலுங்கு நாட்டில் வீரமாச்சனேனி ராமகிருஷ்ணாவின் முறை பரவியது: நாளுக்கு 70 முதல் 100 கிராம் கொழுப்பு, மூன்று எலுமிச்சை, நான்கு லிட்டர் தண்ணீர், இரண்டு மல்டிவைட்டமின் மாத்திரை. மருத்துவர்கள் பலர் எதிர்த்தார்கள். எலுமிச்சை எண்ணியவர்கள் எண்ணிக்கொண்டே இருந்தார்கள்.

2018இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 609 பேரை இரண்டாகப் பிரித்து, ஓர் அணிக்கு மாவுச்சத்தையும் மறு அணிக்குக் கொழுப்பையும் குறைத்தார்கள். ஓராண்டு கழித்து முதல் அணி சராசரியாக 6 கிலோவும், அடுத்தது 5.3 கிலோவும் இளைத்திருந்தது. பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை என்றார்கள். ஆனால் இரண்டு அணியிலும் வெகுவாக இளைத்தவரும் இருந்தார்கள், பருத்தவரும் இருந்தார்கள். ஒரே அணிக்குள் இத்தனை வேறுபாடு எங்கிருந்து வந்தது? முன்னாய்வுகள் யாவும் உண்ணத்தக்கதை எண்ணின. எண்ணாமல் உண்டதை எண்ணவில்லை. நாம் நுழையும் வாசல் இதுவே.

3. ஆய்வுக்களம்

ஐதராபாத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. 2010இல் இவ்வூர் ஹலீம் புவிசார் குறியீடு பெற்றது. 2019இல் யுனெஸ்கோ இந்நகரைச் சமையற்கலைக்கான படைப்பாக்க நகரமாக அறிவித்தது. இதே ஊரின் தார்நாகாவில்தான் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் இருக்கிறது. 1918இல் ராபர்ட் மெக்காரிசன் குன்னூரில் தொடங்கி வைத்தது. 1958இல் மலையிறங்கி இங்கே வந்தது. சேலத்தில் பிறந்த சி. கோபாலன் அதன் இயக்குநராக இருந்து உலகப் புகழ் தேடித் தந்தார். நாள் கலோரியில் தானியத்தின் பங்கு 45 சதவீதத்தோடு நிற்கட்டும் என்று 2024இல் வெளியிட்ட வழிகாட்டியில் அந்நிறுவனம் சொல்கிறது. அதைப் படித்துவிட்டு வெளியே வந்தால் தெருமுனையில் தம் பிரியாணி அண்டாவைத் திறக்கிறார்கள். அறிவும் மணமும் இவ்வளவு நெருக்கமாகக் குடியிருக்கும் ஊர் வேறில்லை.

இங்கே பிரியாணியின் அளவைகள் சிங்கிள், ஃபுல், ஜம்போ, ஃபேமிலி பேக் என நால்வகைப்படும். சிங்கிளை இருவர் உண்டும் மீதம் வரும். எனவே சிங்கிள் என்பது எண்ணுப்பெயர் அன்று, அவையடக்கம்.

4. முறையியல்

ஆய்வாளரே ஆய்வுப்பொருள். வயது 52, உயரம் 170 செ.மீ., தொடக்க எடை 84 கிலோ. அதாவது உடல் நிறை எண் 29. இந்தியர்க்கு 25 தொட்டாலே பருமன் என்பதால், சேர்க்கைத் தகுதியில் ஐயமில்லை. கருவிகள்: சமையலறைத் தராசு ஒன்று, குளியலறைத் தராசு ஒன்று. மேற்பார்வை: மனைவி.

சோறு, சப்பாத்தி, சர்க்கரை, கிழங்கு நீக்கம். முட்டை, பனீர், கீரை, மீன் சேர்க்கை. முதல் வாரமே இரண்டரைக் கிலோ இறங்கியது. தெருவெல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் காரணம் படித்தேன்: உடல் சேமித்து வைக்கும் கிளைக்கோஜன் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீரைக் கட்டி வைத்திருக்கிறது, மாவுச்சத்தை நிறுத்தினால் இரண்டும் சேர்ந்து வெளியேறும். நான் இழந்ததில் பெரும்பகுதி தண்ணீர். ஆயினும் மூன்று மாதத்தில் எடை 75 ஆனது. அடுத்த ஓராண்டில் 80 ஆனது. இந்த ஐந்து கிலோவே நமது ஆய்வுச் சான்று.

நான் எந்த வேளையும் ‘சோறு சாப்பிடவில்லை’. கொஞ்சம்தான் சாப்பிட்டேன். ஆகவே சமையலறைத் தராசைக் கொண்டு கொஞ்சத்தை நிறுக்கத் துணிந்தேன். மனைவி போட்ட கொஞ்சம்: 110 கிராம் சோறு. ஊரிலிருந்து வந்த அம்மா ‘கொஞ்சமாத்தான்டா போட்டிருக்கேன்’ என்று போட்டது: 240 கிராம். இரவு பதினொரு மணிக்குக் குளிர்பதனப் பெட்டியின் முன் நின்று நானே எடுத்துக்கொண்டது: பதிவாகவில்லை. தராசை எடுத்தால் சத்தம் கேட்கும்.

5. கண்டறிந்த விதிகள்

முதல் விதி: கொஞ்சத்தின் அளவைத் தீர்மானிப்பது உண்பவர் அல்லர், பரிமாறுபவர். பந்தியில் இலையின் மேல் இரு கையையும் குறுக்கே வைத்து மறைப்பது மறுப்பாகாது, பேரத்தின் தொடக்கம்.

இரண்டாம் விதி: கொஞ்சங்கள் கூட்டலுக்கு உட்படா. ஒவ்வொரு கொஞ்சமும் தனித்தனியே மறக்கப்படும். இதற்கு அயல்நாட்டுச் சான்றும் உண்டு. எவ்வளவு குறைத்துத் தின்றாலும் இளைக்கவில்லை என்று முறையிட்டவர்களை நியூயார்க்கில் சோதித்தார்கள். உண்டதாகச் சொன்னது, உண்மையில் உண்டதைவிடச் சராசரியாக 47 சதவீதம் குறைவு என்று 1992இல் வெளியிட்டார்கள். யாரும் பொய் சொல்லவில்லை, கூட்டவில்லை, அவ்வளவுதான்.

மூன்றாம் விதி: மொழி மாறினால் கணக்கு புதிதாகத் தொடங்கும். இது ஐதராபாத்துக்கே உரியது. ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பதிவு வருமாறு. காலையில் வீட்டில் ‘கொஞ்சம்’ பொங்கல். பத்து மணிக்கு எதிர்வீட்டு அம்மா ஒரு கிண்ணம் புளிஹோராவை நீட்டி, “கொஞ்செம் ருசி சூடண்டி” என்றார். தமிழ்க் கொஞ்சம் முடிந்துவிட்டது; தெலுங்குக் கொஞ்செம் இன்னும் தொடங்கவில்லை. மாலையில் இரானி ஓட்டலில் நண்பர் உஸ்மானியா பிஸ்கட்டைச் சாயாவில் நனைத்து, “தோடா லேலோ மியா” என்றார். உணவுக் கட்டுப்பாடு பற்றிச் சொன்னேன். “லைட் லேலோ” என்றார். இவ்வூரில் அதற்கு ‘கவலைப்படாதே’ என்று பொருள். அவர் நீட்டியது லைட்டாக இல்லை.

ரம்ஜான் மாதத்து ஹலீம் இவ்விதியின் சிறப்புப் பிரிவு. ‘இறைச்சிதானே, மாவுச்சத்து ஏது?’ என்று மாவுச்சத்து துறந்தோர் கிண்ணம் நீட்டுவதைப் பார்த்திருக்கிறேன். மணிக்கணக்கில் மத்தால் இடித்ததில் கோதுமை தன் முகத்தை இழந்திருக்கிறதே தவிர, இடத்தை இழக்கவில்லை.

6. தடையும் விடையும்

‘குறை கொஞ்சத்தில் இல்லை; இளைத்த உடம்பின் பசியில் அன்றோ?’ எனின், பாதி ஒக்கும். மெல்போர்ன் ஆய்வாளர்கள் 2011இல் காட்டியது இது: எடை குறைத்தவர்களுக்குப் பசியைத் தூண்டும் கிரெலின் போன்ற சுரப்புகள் ஓராண்டு கழித்தும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. இளைத்த உடம்புக்குச் செலவும் குறைவு. ஆகவே இளைப்பது மூன்று மாத வேலை, இளைத்தபடி இருப்பது ஆயுள் வேலை. ஆயினும் அந்தப் பசி ஒருநாளும் ‘ஒரு ஜம்போ’ என்று கேட்டதில்லை. கொஞ்சம் என்றே கேட்கிறது. எனவே நம் துணிபு நிற்கும்.

‘அற்றேல், முற்றும் துறக்கலாமே?’ எனின், அதுவும் அன்று. சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர் மருத்துவரைக் கேளாமல் அப்படிச் செய்தால், சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழ நேரும். மற்றவர்க்கோ, முற்றும் துறந்த நாள் முதலே கொஞ்சம் வாசலில் காத்திருக்கத் தொடங்கிவிடுகிறது. உறவும் அண்டை வீடும் உள்ளவரை அதை ஒழிக்க முடியாது. வரையறுக்கத்தான் முடியும்.

7. முடிவும் பரிந்துரையும்

மேற்பார்வையாளர் ஒப்புதலோடு எங்கள் வீட்டில் அளவை நிறுவப்பட்டது: சிறிய குழிக்கரண்டியில் தலைதட்டி ஒன்று, 60 கிராம் சோறு, சுமார் 17 கிராம் மாவுச்சத்து. இதுவே ஒரு கொஞ்சம். நாளுக்கு மூன்று கொஞ்சம். எம்மொழியில் பெற்றாலும் இதே கணக்கில் சேரும். அளவு நிறைந்தபின் சொல்லத் தமிழில் ‘போதும்’, தெலுங்கில் ‘சாலு’, உருதுவில் ‘பஸ்’ உள்ளன. மூன்றுக்கும் மசியாத இடத்தில் இவ்வூர்த் தக்கினிச் சொல் ‘நக்கோ’ கைகொடுக்கும். அதற்கு மேல் யாரும் விளக்கம் கேட்பதில்லை.

எட்டு மாதமாக இம்முறை நடைமுறையில் உள்ளது. முடிவுகளைத் தொகுக்கும் பொருட்டு இன்று காலை குளியலறைத் தராசில் ஏறி இறங்கினேன். சமையலறையிலிருந்து மேற்பார்வையாளர் கேட்டார்: “என்னங்க, இளைச்சிருக்கா?”

“கொஞ்சம்” என்றேன்.

குழிக்கரண்டியோடு எட்டிப் பார்த்தார். “அப்போ அறுபது கிராமா?”